குடோன் சுவரைக் கூரையோடு பிணைத்துக் கொடுத்த இன்ஜினியர்: கிருஷ்ணகிரியில் எனக்குக் கிடைத்த சேவை

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு புளி குடோன் இருக்கிறது. 40க்கு 60 அடி, 8 இன்ச் சாலிட் பிளாக் சுவர், மேலே டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோண இரும்புச் சட்டம்) வைத்துத் தகர ஷீட். போன மே மாதம் மரத்தில் இருந்த மாங்காயை எல்லாம் கொட்டிவிட்டுப் போன அந்தக் காற்றில் மேற்குப் பக்கத்து முக்கோணச் சுவர் அப்படியே வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. ஷீட் ஒன்றுகூடப் பறக்கவில்லை, சுவர் மட்டும் போய்விட்டது. ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்ததால் யாருக்கும் அடியில்லை. அந்தச் சுவரை ஒட்டித்தான் தினமும் மூட்டை தைப்பார்கள், நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மேஸ்திரி 12 இன்ச் சுவராக எழுப்பிவிடலாம் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மாமாதான் விடாமல், கிருஷ்ணகிரியில் டிசைன் மட்டும் செய்து கொடுக்கிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் கூட்டிப்போனார்.

அவர் வந்ததும் விழுந்த சுவரைப் பார்க்கவில்லை, நின்றுகொண்டிருந்த கிழக்குச் சுவரில் ஏணி போட்டு ஏறினார். சுவரின் தலைக்கும் கடைசி பர்லினுக்கும் (ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பு) நடுவில் இரண்டு விரலை விட்டுக் காட்டி, “இந்தச் சுவரை மேலே எது பிடிச்சிருக்கு, சொல்லுங்க” என்றார். எதுவும் பிடித்திருக்கவில்லை. 14 அடிச் சுவரும் அதற்கு மேல் முக்கோணமும் தன் எடையை மட்டும் நம்பி இத்தனை வருடம் நின்றிருக்கிறது. அன்று கிழக்கே ஷட்டர் திறந்திருந்ததா என்று கேட்டார், ஆமாம் என்றேன். உள்ளே புகுந்த காற்று சுவரை வெளியே தள்ளும், வெளியே சுழலும் காற்று அதையே உறிஞ்சும், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார்.

கணக்கை என் முன்னாலேயே போட்டார், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. காற்றுக்கான இந்தியக் கோடில் (கட்டட விதிநூல்) காற்று வேகம் பெங்களூருக்கு வினாடிக்கு 33 மீட்டர், கோவைக்கு 39 மீட்டர். நாம் நடுவில் இருக்கிறோம், 39 வைத்துக்கொள்ளலாம் என்றார். வேகத்தை அதாலேயே பெருக்கி 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 913 நியூட்டன், அதாவது 93 கிலோ அழுத்தம். சுவரைக் கூரையோடு பிடிக்க நாலு அடிக்கு ஒரு போல்ட் என்றால் ஒவ்வொன்றும் 4 சதுர மீட்டர் சுவரைப் பிடிக்க வேண்டும், அதாவது 370 கிலோ இழுவை.

அப்புறம் நிலநடுக்கம். தருமபுரி கிருஷ்ணகிரிக்கு அது எதற்கு என்றுதான் நானும் கேட்டேன். நிலநடுக்கக் கோடின் 2016 பதிப்பில் தருமபுரி மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலம், சேலமும் அதேதான் என்று பட்டியலைக் காட்டினார். காற்று சுவரின் பரப்பைப் பார்த்துத் தள்ளும், நிலநடுக்கம் சுவரின் எடையைப் பார்த்து இழுக்கும். எங்கள் சுவரில் அந்த 4 சதுர மீட்டரே 1,600 கிலோ. 1971இல் கலிபோர்னியாவில் சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தின்போது பெரிய குடோன்களில் கனமான சுவர்கள் கூரையை விட்டுப் பிரிந்து விழுந்த பிறகுதான் அமெரிக்கக் கோடுகளில் இந்தப் பிடிப்பைக் கட்டாயமாக்கினார்களாம். இப்போது அங்கே குறைந்தபட்சம் சுவர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. ஷீட் கூரை மாதிரி வளைகிற கூரை என்றால் நீளத்தைப் பொறுத்து அதற்கு மேலும் கூட்ட வேண்டும். நம் கணக்கில் குறைவாக வந்தாலும் பாதுகாப்புக்கு இதையே எடுக்கிறேன் என்று ஒரு போல்ட்டுக்கு 450 கிலோ வைத்தார். காற்றைவிட அதிகம்! 12 இன்ச் சுவர் கட்டியிருந்தால் எடை ஒன்றரை மடங்கு, இழுவையும் ஒன்றரை மடங்கு, பிடிக்கத்தான் ஒன்றும் இருந்திருக்காது.

மேற்குச் சுவரை அதே 8 இன்ச்சில் எழுப்பி, கூரை மட்டத்திலும் முக்கோணத்தின் சரிவிலும் பெல்ட் கான்கிரீட் (சுவர் நெடுக ஓடும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை) போட்டு, போல்ட்டை அதிலேயே புதைத்தோம். நின்றிருந்த கிழக்குச் சுவருக்கு முதலில் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை விட்டுக் கம்பியை ஒட்டுவது) என்றுதான் முடிவு. மூன்று துளை போட்டு, ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதி, ட்யூபில் முதலில் வருகிற பசையை நிறம் ஒரே மாதிரி ஆகும்வரை வெளியே தள்ளிவிட்டு, கம்பியை நிறுத்தினார்கள். மறுநாள் ஜாக் வைத்து இழுத்தபோது இரண்டு நின்றது. மூன்றாவது 300 கிலோவைத் தாண்டும்போதே பிளாக் துண்டோடு கையில் வந்துவிட்டது. பசை பிடித்துத்தான் இருந்தது, பிளாக்தான் உதிர்ந்தது. அந்தத் துண்டை விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டியது. இரண்டு நின்றதே, போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. அங்கேயே திட்டத்தை மாற்றி, சுவரைத் துளைத்து மறுபக்கம் வரும் 16 எம்எம் போல்ட், வெளியே 6 இன்ச் சதுரப் பிளேட் என்று வரைந்து கொடுத்தார். இதற்காகவே அவருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம்.

போல்ட்டைக் கடைசி பர்லினில் மாட்டி நிறுத்தவும் விடவில்லை. அப்படிச் செய்தால் சுவரோடு பர்லினும் சேர்ந்து வரும். போல்ட்டைப் பிடிக்கும் ஆங்கிள் (L வடிவ இரும்பு) இரண்டாவது டிரஸ் வரை போகிறது, இரு முனையிலும் கூரைக்கடியில் குறுக்குக் கம்பி போட்டு டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) வைத்து முறுக்கியிருக்கிறோம். இழுவை அது வழியாகப் பக்கச் சுவர்களுக்கு இறங்கிவிடும்.

டிசைனுக்கு 18,000 ரூபாய். இரும்பு, வெல்டிங், பிளேட் எல்லாம் சேர்த்து, மேற்குச் சுவர் கட்டிய செலவு போக, 1,10,000 ஆனது. குறை என்றால் வரைபடம் சொன்ன நாளைவிட 12 நாள் தாமதம். முழுக்க இங்கிலீஷில் இருந்ததால் வெல்டருக்கு நான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதில் ஒரு பிளேட் அளவு தப்பிப்போய் மறுபடி வெட்டினோம். சைட்டுக்கு வர இரண்டு தடவைக்கு மேல் என்றால் தனிக் கட்டணம், இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அதனால் ஐந்துக்கு நாலரை.

இந்த மாதிரி வேலைக்கு யாரிடம் போனாலும் ஷட்டர் அளவு, டிரஸ் இடைவெளி, பிளாக் வாங்கிய இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். விழாத சுவரை உள்பக்கமிருந்து, கூரை தொடுகிற இடம் தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அவர் முதலில் கேட்டது அதைத்தான்.