மறைத்து வைக்கும் பெட்டிக்கு ஒரு முத்திரை: அவென்யூ சாலையின் ரப்பர் ஸ்டாம்ப் கடை

பெங்களூரு அவென்யூ சாலைக்குள் மைசூர் பேங்க் சர்க்கிள் பக்கமிருந்து நுழைந்து, பழைய பாடப்புத்தகக் கடைகளைத் தாண்டிச் சென்றால், சந்து ஒன்றின் முகப்பில் ஒருவர் மட்டுமே நின்று பேசக்கூடிய அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. பலகையில் கன்னடத்தில் ‘ரப்பர் ஸ்டாம்ப்’ என்று எழுதியிருப்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. கடந்த ஒன்பது மாதங்களில் நான்கு முறை அங்கே சென்று ஐந்து முத்திரைகள் செய்து வாங்கியிருக்கிறேன். அலுவலக முத்திரையோ கையொப்ப முத்திரையோ வேண்டுபவர்களுக்கு நகரில் எந்தக் கடையும் போதும். லெட்டர்பாக்ஸிங் என்னும் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்களுக்காகவே இந்தக் கடையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அந்த விளையாட்டில் தேடிச் சென்றவருக்குக் கிடைக்கும் ஒரே பரிசு ஒரு முத்திரையின் பதிவுதான், அந்தப் பதிவு மங்கலாக இருந்தால் நடந்த நடையெல்லாம் வீணாகிவிடும்.

விளையாட்டு எளிமையானது. ஒருவர் ஒரு சிறு பெட்டிக்குள் ஒரு முத்திரையையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்து ஓரிடத்தில் மறைத்துவிட்டு, அங்கே செல்வதற்கான துப்புகளை எழுதிப் பிறருக்குத் தருகிறார். திசைகாட்டியின் கோணங்கள், அடிக்கணக்கு, விடுகதை என எந்த வடிவத்திலும் துப்பு இருக்கலாம். தேடுபவர் தனக்கென ஒரு முத்திரையையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வார். பெட்டியைக் கண்டதும் பெட்டியின் முத்திரையைத் தன் ஏட்டிலும், தன் முத்திரையைப் பெட்டியின் ஏட்டிலும் பதித்துவிட்டு, இருந்த இடத்திலேயே மீண்டும் மறைத்து வைப்பார். எடுத்துச் செல்வதற்கோ விட்டுச் செல்வதற்கோ பொருள் எதுவும் கிடையாது.

இதன் தொடக்கம் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்தில் இருக்கிறது. கருங்கல் பாறை முகடுகளும் காலைப் புதைக்கும் கரிச்சேற்றுச் சதுப்பும் நிறைந்த நிலம் அது. சாக்ஃபோர்டு என்ற ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்பவர் அங்கே பயணிகளுக்கு வழிகாட்டியாகத் தொழில் செய்துவந்தார். சாலைகளிலிருந்து வெகு தொலைவில், சதுப்பின் நடுவே இருக்கும் கிரேன்மியர் குளம் வரை வந்து சேர்பவர்கள் தங்கள் பெயர் அட்டையை விட்டுச் செல்வதற்காக, 1854இல் அவர் அங்கே ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். குளம் என்ற பெயர் இருந்தாலும் அங்கே தண்ணீர் தேங்குவதில்லை, அடையாளம் சொல்ல எதுவுமற்ற ஒரு சேற்றுப் பள்ளம்தான் அது. எனக்கு இந்தச் செய்தியில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. கோட்டையோ அருவியோ இல்லாத ஓரிடத்துக்கு, வந்து சேர்ந்தோம் என்பதை ஒரு துண்டு அட்டையில் எழுதி வைப்பதற்காகவே மனிதர்கள் பகல் முழுவதும் நடந்திருக்கிறார்கள்.

பின்னர் வந்தவர்கள் அட்டையோடு நிற்கவில்லை. தங்கள் வீட்டு முகவரியையே எழுதிய கடிதங்களையும் தபால் அட்டைகளையும் அங்கே விட்டுச் சென்றார்கள். அடுத்து வருபவர் அவற்றை எடுத்துச் சென்று தன் ஊர்த் தபால் நிலையத்தில் சேர்க்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அந்த இடத்துக்கு எளிதில் யாரும் வருவதில்லை என்பதால், சில கடிதங்கள் வீடு வந்து சேர வாரக்கணக்கில் ஆகுமாம். லெட்டர்பாக்ஸ், அதாவது தபால் பெட்டி என்ற பெயர் இந்த விளையாட்டுக்கு வந்தது இப்படித்தான். 1894இல் பெல்ஸ்டோன் முகட்டில் இன்னொரு பெட்டி வந்தது. 1905இல் கிரேன்மியரில் வருகையாளர் பெயர்ப் பதிவேடு வைக்கப்பட்டது. 1937இல், அப்பகுதிச் செய்தித்தாள் ஒன்று வாசகர்களிடம் திரட்டிய நன்கொடையைக் கொண்டு அங்கே கல்லாலான நிலையான பெட்டி கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு, டார்ட்மூரைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதிய வில்லியம் கிராசிங்கின் நினைவாக டக்ஸ் குளத்தில் ஒரு பெட்டி அமைக்கப்பட்டது. ரப்பர் முத்திரையும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெட்டிக்குள் வந்துவிட்டது. எழுபதுகள் வரையிலும் ஏறத்தாழ ஒரு டஜன் பெட்டிகளே இருந்த அந்த நிலத்தில் இப்போது ஆயிரக்கணக்கில் மறைந்து கிடக்கின்றன. நூறு பெட்டிகளைக் கண்டவர்களுக்கென்றே ஒரு சங்கமும் இருக்கிறது.

அமெரிக்காவில் இது பரவலானது 1998இல் ஸ்மித்சோனியன் இதழில் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகுதான். செயற்கைக்கோள் வழிகாட்டியைக் கொண்டு பெட்டி தேடும் ஜியோகேச்சிங் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆரிகன் மாநிலத்தில் தொடங்கியது, அதை நம் ஊரில் அறிந்தவர்கள் ஓரளவு உண்டு. அதற்கு முத்திரை கட்டாயமில்லை, ஏட்டில் பெயர் எழுதினால் போதும். கைவேலைக்கு இடம் இருப்பதால் நானும் என் மகளும் பழைய முறையையே தேர்ந்தெடுத்தோம்.

பெங்களூரில் இதை எப்படி விளையாடுவது என்பதைச் சொல்லாமல் கடைக்குப் போக முடியாது. கப்பன் பூங்காவிலோ லால்பாக்கிலோ மரப்பொந்தில் ஒரு பெட்டியைச் சொருகிவிட்டு வரலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். கேட்பாரற்ற பெட்டி ஒன்று பொது இடத்தில் கிடந்தால் காவலர்கள் பதற்றமடைவார்கள், அந்தப் பதற்றத்தில் நியாயமும் உண்டு. அல்சூர், கம்மனஹள்ளி, கெங்கேரி ஆகிய பகுதிகளில் இருக்கும் எங்கள் ஆறு குடும்பங்களும் சேர்ந்து ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். துப்பு ஊரெல்லாம் சுற்ற வைக்கும், ஆனால் பெட்டி இருப்பது அனுமதி பெற்ற ஒரு வீட்டுத் தோட்டத்திலோ, குடியிருப்பின் மாடித் தொட்டிகளுக்கு நடுவிலோதான். உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி ஒளி ஊடுருவும் டப்பாவையே பயன்படுத்துகிறோம். மூடியின் மேல் என்ன பெட்டி, யாருடையது என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டுகிறோம்.

எங்கள் முதல் பெட்டிக்கு அல்சூர் சோமேசுவரர் கோயில் கோபுரத்தை முத்திரையாக்க விரும்பி, மகள் வரைந்த படத்தோடு அந்தக் கடைக்குச் சென்றோம். அதற்கு முன் வேறு ஒரு கடையில் கேட்டபோது படத்தைக் கைப்பேசியில் அனுப்பச் சொல்லி, அரை மணி நேரத்தில் ஒரு முத்திரையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பதித்துப் பார்த்தபோது கோபுரம் இருந்த இடத்தில் மைத்திட்டு ஒன்றுதான் தெரிந்தது. அவென்யூ சாலைப் பெரியவர் படத்தைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் இங்கே வந்து குடியேறியவர். “ஒன்றரை அங்குலத்தில் இத்தனை பொம்மை நிற்காதம்மா. கோடும் கோடும் ஒட்டிக்கிட்டா மை உள்ளே போய் அடைச்சிக்கும்” என்றார். பிறகு மகளிடம் பென்சிலைக் கொடுத்து, “கண்ணு, நிலைக்கு ஒரு கோடு போடு, போதும். கலசத்தை மட்டும் பெருசா வை” என்று சொல்லி, அவளையே மீண்டும் வரைய வைத்தார். அரை மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளி எதுவும் படத்தில் இருக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு. படத்தைத் தானே திருத்திக் கணினியில் முடித்துவிடுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கோடு அவளுடையதாகவே இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததற்காகவே நான் இந்தக் கடைக்கு மீண்டும் மீண்டும் செல்கிறேன்.

இப்போது முத்திரை செய்யும் முறைகளில் எதைக் கேட்டு வாங்குவது என்பதைச் சொல்கிறேன். பெரும்பாலான கடைகள் முதலில் எடுத்துக் காட்டுவது தானே மை தொட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் முத்திரையைத்தான். அலுவலகத்துக்கு அது வசதி, நம் வேலைக்கு உதவாது. ஒரே நிறத்தில்தான் பதியும், பெட்டிக்குள் இடத்தை அடைக்கும், வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் மைத்திண்டு காய்ந்துவிடும். அடுத்தது பாலிமர். படத்தின் நெகட்டிவ் வழியாகப் புற ஊதா ஒளியைக் குழம்பு போன்ற பொருளின் மேல் செலுத்தி, ஒளி பட்ட இடம் இறுகியதும் மீதியைக் கழுவிவிடுகிறார்கள். விலை குறைவு, கோடுகளும் கூர்மையாக விழும். ஆனால் ஒளியும் வெப்பமும் தொடர்ந்து பட்டால் பாலிமர் மஞ்சளாகிப் பிசுபிசுக்கத் தொடங்கும், எங்கள் பெட்டிகளில் ஒன்றில் நான்கே மாதங்களில் அப்படி ஆனது. மூன்றாவது, லேசரால் செதுக்கப்பட்ட உண்மையான ரப்பரை மரக்கட்டையில் ஒட்டித் தருவது. சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதிப்படுத்தும் வழியை 1839இல் கண்டுபிடித்திருக்காவிட்டால் இந்தத் தொழிலே இருந்திருக்காது. அப்படி உறுதிப்படுத்திய ரப்பர் மழை ஈரத்தையும் வெயிலையும் நன்றாகவே தாங்குகிறது. பெட்டிக்குள் வைப்பதற்கு இதைத்தான் கேளுங்கள். ஒன்றரை அங்குல அளவுக்கு எங்களிடம் 380 ரூபாய் வாங்கினார், பாலிமருக்கு 200 ரூபாய். இரண்டு நாளில் கொடுத்துவிடுகிறார்.

குறை ஒன்றும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது முத்திரையில் கோபுரத்தின் கீழே ‘தொடங்குமிடம்’ என்று தமிழில் எழுதச் சொல்லியிருந்தோம். வந்து பார்த்தபோது ‘தொ’வின் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தனித்தனியாக நின்றன. கணினியில் வேலை செய்யும் தம்பிக்குக் கன்னடம் மட்டுமே படிக்கத் தெரியும் என்பதாலும், அவர்கள் வைத்திருக்கும் பழைய மென்பொருளில் யுனிகோடு எழுத்து சிதறிவிடுவதாலும் நேர்ந்த பிழை அது. பெரியவர் எந்த விவாதமும் செய்யாமல் பணம் வாங்காமல் புதிதாகச் செய்து கொடுத்தார், ஆனாலும் நாங்கள் இன்னொரு நாள் மெட்ரோவில் சிக்பேட்டை வரை வந்து போக வேண்டியிருந்தது. ஆகவே தமிழ் எழுத்து வேண்டுமென்றால் அதைத் தட்டச்சு செய்து அனுப்பாமல், எழுதியோ படமாக்கியோ கொண்டு செல்லுங்கள், செதுக்குவதற்கு முன் திரையில் ஒரு முறை காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

தேடுபவரின் சொந்த முத்திரையைக் கடையில் செய்ய வேண்டுமா என்று எங்கள் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. அதைக் கையால் செதுக்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் பெரிய வெள்ளை அழிரப்பரும், அச்சுப் படங்களுக்கான லினோ என்னும் மென்தகட்டைச் செதுக்கும் சிறு உளிகளும் போதும். மென்மையான பென்சிலால் தாளில் வரைந்து, வரைந்த பக்கத்தை அழிரப்பரின் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறி ஒட்டிக்கொள்ளும், அதைச் செதுக்கிப் பதிக்கும்போது மீண்டும் நேராகிவிடும். உளியைக் கோட்டின் அடிப்பக்கம் குடையாமல் வெளிப்பக்கம் சரிவாக ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பத்துப் பதிவுகளில் கோடு மடங்கி உடைந்துவிடும். அழிரப்பரைப் பிடித்திருக்கும் கைக்கு எதிர்த்திசையில் உளியைத் தள்ள வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கு முதலிலேயே பழக்குங்கள். என் மகள் செதுக்கிய நாவற்கிளையில் ஓர் இலை பாதியில் அறுந்திருக்கிறது, பிறருடைய ஏடுகளில் அவளை எல்லோரும் அந்த அறுந்த இலையை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். அப்படிச் செதுக்கிய அழிரப்பரைக் கொண்டு சென்றால், பெரியவர் பழைய கைப்பிடி ஒன்றை ராவி, அதில் உறுதியாக ஒட்டி, மேற்புறத்தில் எது மேல் எது கீழ் என்று அம்புக்குறியும் போட்டுத் தருகிறார். இதற்கு 60 ரூபாய்தான். நகரில் வேறெங்கும் இந்தச் சிறு வேலையை ஏற்றுக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

மையைப் பற்றியும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலக ஊதா மை ஈரம் பட்டால் ஏடு முழுவதும் பரவிவிடும், ஜூன் முதல் அக்டோபர் வரை மழை பெய்யும் ஊரில் அது ஏற்றதல்ல. பரவாத நிறமி மைத்திண்டுகளைக் கறுப்பிலும் செங்காவி நிறத்திலும் அவர் வைத்திருக்கிறார். பெட்டிக்குள் மை வைக்காமல் அவரவர் மையை அவரவரே எடுத்துச் செல்வது நல்லது. பதித்த பிறகு முத்திரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டே திரும்ப வைக்க வேண்டும், அடுத்தவர் வேறு நிறத்தில் பதிக்கக்கூடும்.

கடை ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் காலை பதினொன்றுக்குப் பிறகே திறக்கிறார்கள். மார்ச் கடைசி இரண்டு வாரங்களில் செல்ல வேண்டாம். கணக்கு முடிக்கும் அலுவலகங்களின் முத்திரைகள் குவிந்திருக்கும் அந்த நாட்களில், ஒரு குழந்தையின் படத்தை உட்கார்ந்து பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.