சங்கத்துப் பணம்: சேமிப்புக் கணக்கா, வைப்பு நிதியா, சந்தா குறைப்பா?

பொதுக்குழுவில் வரவு செலவு வாசித்து முடித்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: "இவ்வளவு பணம் இருக்கே, சந்தாவைக் குறைச்சா என்ன?" பொருளாளராக இருந்த காலத்தில் நானும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருக்கிறேன். பதில் பாஸ்புக்கில் உள்ள மொத்தத் தொகையில் இல்லை, அது எதெதற்கான பணம் என்று பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது.

இருப்பு 80,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 35,000 புத்தக அலமாரிக்கென்றே வந்த நன்கொடை, வேறெதற்கும் தொடக்கூடாது. 15,000 அடுத்த ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டியவர்களுடையது. சங்கம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மிஞ்சுவது 30,000. மாதச் செலவு 10,000 என்றால் மூன்று மாதம் தாங்கும். மூன்று முதல் ஆறு மாதச் செலவு கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. ஆக, நாம் அடிமட்டத்தில்தான் நிற்கிறோம். இந்த நிலையில் சந்தாவைக் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன். குறைத்த சந்தாவை மறுபடி ஏற்றுவது எவ்வளவு பாடு என்பது ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உண்மையிலேயே உபரி இருந்தால் ஓராண்டுக்கு மட்டும் தள்ளுபடி கொடுக்கலாம். சந்தா விகிதத்தில் கை வைக்க வேண்டாம்.

சேமிப்புக் கணக்கில் அவசரத்துக்கு உடனே பணம் எடுக்கலாம். வட்டி சொற்பம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், வட்டியே இல்லாமல் சும்மா கிடக்கும் பணத்தின் மதிப்பு சுமார் 12 ஆண்டில் பாதியாகிவிடும்.

வைப்பு நிதியில், அதாவது குறித்த காலத்துக்கு வங்கியில் போட்டு வைக்கும் பணத்தில், வட்டி பொதுவாகக் கூடுதல். அந்தக் காலம் முடியும் முன், அதாவது முதிர்வுக்கு முன், எடுத்தால் வட்டியில் கொஞ்சம் போகும். அதைவிடப் பெரிய சிக்கல் நிர்வாகிகள் மாறுவது. ரசீது பழைய செயலாளர் வீட்டு அலமாரியில், கையெழுத்திட வேண்டியவர் வேறு ஊரில், முதிர்வுத் தேதி யாருக்கும் நினைவில்லை. சம்பளம் வாங்காமல் உழைப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏற்பாட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். தேதிகளை நடவடிக்கைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இருவர் கையெழுத்து கட்டாயமாக இருக்கட்டும்.

என் தேர்வு இதுதான்: மூன்று மாதச் செலவு சேமிப்புக் கணக்கில். அதற்கு மேல் இருப்பதை நான்காகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒன்றாக ஓராண்டு வைப்புகளாகப் போடலாம். முதல் ஆண்டு கழிந்தபின் காலாண்டுக்கு ஒன்று முதிரும். எதையும் பாதியில் உடைக்க வேண்டியிருக்காது. மூன்று மாதச் செலவுக்கே பணம் தேறாத சங்கம் இப்போதைக்கு வைப்பு நிதிப் பக்கம் போகவே வேண்டாம்.