கேபின் படகா, திறந்த படகா, பரிசலா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு எது தோது

ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சானுக்குக் கொஞ்ச காலமாகப் படகு ஆசை. 22 அடி நீளம், உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு கேபின், ஒரு சின்ன அடுப்பு, பின்னால் மோட்டார். சனிக்கிழமை காரில் மாட்டி இழுத்துப் போய்த் தண்ணீரில் விட வேண்டும், ஞாயிறு சாயந்திரம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இவர் ஒருவர் மட்டுமில்லை, கையில் காசு சேர்ந்த இன்னும் சிலரும் இதே கேள்வியோடு வருகிறார்கள். எந்த மாடல், எத்தனை குதிரைசக்தி, எவ்வளவு எடை என்று ஆரம்பிக்கிறார்கள். நான் வேறு இடத்தில் ஆரம்பிப்பேன்: எந்தத் தண்ணீரில் விடப்போகிறீர்கள், அந்தத் தண்ணீருக்குக் கரை எங்கே இருக்கிறது?

நம் பக்கத்தில் படகு விடும் அளவுக்குத் தண்ணீர் என்றால் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தருமபுரிக் கரை, கிருஷ்ணகிரி அணை, ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணை, ஒகேனக்கல் காவிரி. கெலவரப்பள்ளியை முதலிலேயே தள்ளிவிடலாம். தென்பெண்ணையில் வரும் கழிவால் அங்கே நுரை பொங்குவதைப் பார்த்த எவரும் குடும்பத்தோடு படகில் ஏற மாட்டார்கள். கிருஷ்ணகிரி அணையின் முழு உயரமே 52 அடிதான். 2017 நவம்பரில் அதன் மதகு ஒன்று உடைந்து, தேக்கிய தண்ணீர் ஆற்றோடு போனது. ஒகேனக்கல் பாறை ஆறு, அது பரிசலுக்குத்தான் தோது. மிச்சம் இருப்பது மேட்டூர். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. பார்த்தால் கடல் மாதிரிதான் இருக்கும், நிரம்பியிருக்கும்போது.

சிக்கல் அந்த ‘நிரம்பியிருக்கும்போது’ என்பதில் இருக்கிறது. 2024 ஜூலை தொடக்கத்தில் மேட்டூர் நீர்மட்டம் 40 அடியை ஒட்டி இருந்தது. அதே மாதக் கடைசியில் 120 அடியைத் தொட்டது. ஒரே மாதத்தில் 80 அடி ஏற்றம். 100 அடி நடந்தால் 2 அடி மட்டும் இறங்குகிற தணிவான கரையாக இருந்தால், இந்த 80 அடிக்குத் தண்ணீரின் விளிம்பு 4,000 அடி, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். தருமபுரிக் கரையில் இருக்கும் நாகமரையிலிருந்து எதிர்க்கரைப் பண்ணவாடிக்குப் பரிசலில் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர் இறங்க இறங்கத் துறையும் கூடவே இறங்கும். வெளியே வந்த நிலத்தில் எள்ளும் சோளமும் விதைத்து அறுவடையும் பார்த்துவிடுவார்கள். பண்ணவாடிப் பக்கம் அணையில் மூழ்கிய நந்தி சிலையும் பழைய கிறிஸ்தவக் கோபுரமும் தலைகாட்டும்.

டிரெய்லரில் வரும் கேபின் படகுக்கு இது எமன். அதை இறக்க கான்கிரீட் சாய்தளம் வேண்டும், 100 அடிக்கு 12 முதல் 15 அடி வரை சரிவு வேண்டும். சரிவு குறைந்தால் படகு மிதப்பதற்குள் கார் தண்ணீருக்குள் போயிருக்கும். கூடினால் ஈரச் சாய்தளத்தில் சக்கரம் வழுக்கி ஏற மறுக்கும். வெளிநாட்டு ஏரிகளில் இது அரசு செய்து வைத்திருக்கும் வசதி. நமக்கு இருப்பது வண்டல். மேலே காய்ந்து பாளமாக வெடித்திருக்கும், கால் வைத்தால் கெட்டியாகத் தெரியும், இரண்டு டன் எடையோடு போனால் அடியில் இருக்கும் சேறு சக்கரத்தை அச்சுவரை விழுங்கிவிடும். அப்புறம் ஊருக்குள் போய் டிராக்டர் தேட வேண்டியதுதான்.

சரி, இதெல்லாம் தெரிந்தும் கேபின் படகுதான் வேண்டும் என்றால், அதற்குள் எது? மூன்று ஜாதி இருக்கிறது.

முதலாவது, முன்பக்கம் குனிந்து நுழையும் சிறு படுக்கையறையும் பின்னால் திறந்த இருக்கைகளும் கொண்ட வேகப்படகு. பேலைனர், சீ ரே போன்ற கம்பெனிகள் இந்த வகையில் நிறையச் செய்திருக்கின்றன. பார்க்க அழகு, விரைவாகப் போகும். அடிப்பாகம் ஆழமான ‘வி’ வடிவில் இருப்பதால் அலையை வெட்டிக்கொண்டு போகும், முதுகில் அடி விழாது. பதிலுக்கு நிறைய பெட்ரோல் குடிக்கும், நிறுத்தி வைத்தால் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். இவற்றில் பலவற்றுக்கு எஞ்சின் உள்ளே ஒரு பெட்டிக்குள் இருக்கும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பும் நான்கு நிமிடம் காற்றாடியை ஓடவிட்டு, உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியை வெளியேற்ற வேண்டும். அவசரத்தில் மறந்தால் ஒரு தீப்பொறி போதும். எஞ்சினிலிருந்து, பின்னால் வெளியே தொங்கும் புரொப்பெல்லர் காலுக்குப் போகும் இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கிறது. அது கிழிந்தால் படகுக்குள் தண்ணீர் வரும். அதை மாற்றத் தெரிந்த ஆளைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, சி-டோரி 22 போல நிமிர்ந்த கண்ணாடி அறை வைத்த, அடி கிட்டத்தட்டத் தட்டையான படகு. அகலம் 7 அடி 8 அங்குலம், வெறும் படகின் எடை ஒரு டன்னை ஒட்டி. மோட்டார் பின்பலகையில் வெளியே தொங்குகிறது, வேண்டும்போது தூக்கிக்கொள்ளலாம். கேபின் வகையில் நமக்கு ஓரளவு கிட்டே வருவது இதுதான். தட்டை அடிக்கு ஆழம் குறைவாகப் போதும், சின்ன மோட்டாரே இழுத்துவிடும். ஆனால் காற்றடித்தால் அலைமேல் தொப் தொப் என்று விழும். ஆடிக் காற்று வீசும் அதே பருவத்தில்தான் மேட்டூர் நிரம்புகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். உயரமான கண்ணாடி அறை காற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் நேராக ஓட்டவும் மெனக்கெட வேண்டும்.

மூன்றாவது ரேஞ்சர் டக் போன்ற, குட்டி இழுவைக்கப்பல் சாயலில் செய்த படகு. உள்ளே அடுப்பு, கழிப்பறை, மேசை எல்லாம் ஒழுங்காக இருக்கும், இரண்டு பேர் வாரக்கணக்கில் தங்கலாம். 25 அடி மாடலின் அகலம் எட்டரை அடி. நம் மோட்டார் வாகன விதிகள் வண்டிக்கு அனுமதிக்கும் 2.6 மீட்டருக்குள் மயிரிழையில் அடங்கும். எடை இரண்டரை டன்னைத் தாண்டும், டிரெய்லர் தனி. புரொப்பெல்லர் படகின் அடியில் இருக்கும் பழைய டீசல் மாடல்களை அடியில் மரக்கட்டையும் பாறையும் மறைந்து கிடக்கும் நீர்த்தேக்கத்தில் விடுவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. தூக்க முடியாத புரொப்பெல்லர் நமக்கு வேண்டாம்.

சி-டோரியும் ரேஞ்சர் டக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்தவை. அங்கே குளிரும் மழையும், அதனால்தான் நாலு பக்கமும் கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறார்கள். ஏப்ரல் மாதத்து மத்தியானம் நாகமரைக் கரையில் அந்த அறைக்குள் அரை மணி நேரம் உட்கார முடியுமா? ஏசி வைக்கலாம் என்பார்கள். ஏசிக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு எடை, எடைக்குப் பெரிய டிரெய்லர் என்று அது தனிக்கதையாக நீளும். இருட்டினால் கொசு. கேபினின் முழு நியாயமே ராத்திரி தங்குவதுதான். ஒகேனக்கல்லை ஒட்டிய காடுகளில் பெரும்பகுதி சரணாலயம். 2022இல் அறிவித்த காவிரி தெற்குச் சரணாலயம் இரண்டு மாவட்டங்களிலும் பரவியிருக்கிறது. அங்கே ஆற்றில் முதலை உண்டு. வனத்துறை இரவில் கரையில் ஒதுங்க விடாது, விடவும் கூடாது.

சாலையையும் மறக்கக் கூடாது. ஓசூரிலிருந்து மேட்டூர் அணைப் பக்கம் போவதென்றால் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லர் இரண்டு டன் எடையோடு பின்னால் தள்ளும்போது, முன்னால் போகும் கார் எவ்வளவு பிரேக் பிடித்தாலும் வால் ஒரு பக்கம் திரும்பும். லாரிகளே தடுமாறும் இறக்கம் அது. பென்னாகரம், ஏரியூர் வழியாக நாகமரைக்குப் போனால் அந்தத் தொல்லை இல்லை, சாலைதான் குறுகல்.

இன்னொன்று, டிரெய்லர் ஓட்டுகிறவர்களே அடிக்கடி கோட்டைவிடும் விஷயம். நெடுந்தூரம் ஓடிய சக்கரத்தின் ஹப் கொதித்துக்கொண்டிருக்கும். வந்த வேகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் பால்போல வெளுக்கும், சில வாரத்தில் பேரிங் துருப்பிடிக்கும், ஒரு நாள் நடுரோட்டில் சக்கரம் தனியாகப் போகும். கரைக்கு வந்ததும் தொட்டுப் பாருங்கள், கை தாங்கும் அளவுக்கு ஆறும்வரை டீ குடியுங்கள்.

திறந்த படகைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை, ஏனென்றால் அதில் குறை சொல்ல அதிகம் கிடையாது. 14 முதல் 16 அடி ஃபைபர் படகு, பின்னால் 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு. நம் கடற்கரை முழுக்க மீனவர்கள் பழகிய மோட்டார், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம். சேறான கரையில் டிரெய்லரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நாலைந்து பேர் தூக்கிப் போய்த் தண்ணீரில் வைக்கலாம். வெயிலுக்கு நாலு குழாய் நட்டு தார்ப்பாய் கட்டினால் கேபினைவிடக் குளுமை. மோட்டார் வைத்தால் 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் பதிவு கேட்கும், அணையில் விட நீர்வளத்துறை, மீன்வளத்துறை வாசல்களை மிதிக்க வேண்டும். இது கேபின் படகுக்கும் பொருந்தும். வாங்குவதற்கு முன்பு இதை முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பரிசல். இதைச் சுற்றுலாக்காரர்கள் ஏறி இறங்கும் வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பவர்கள்தான் அதிகம். இந்த ஆற்றில் நான் பார்த்தவரை இதைவிடப் புத்திசாலித்தனமான படகு இல்லை. வட்ட அடி, நடுவில் தண்டு கிடையாது, அதனால் சாணளவு தண்ணீரில்கூட மிதக்கும். கேபின் படகுக்கு மோட்டார் இறங்கிய நிலையில் இரண்டடியாவது வேண்டும். பரிசல்காரர் முன்விளிம்பில் உட்கார்ந்து ஒற்றைத் துடுப்பைத் தனக்கு முன்னால் குத்தி, தன்னை நோக்கி இழுக்கிறார். பின்னாலிருந்து தள்ளுவதில்லை. அவர் இழுக்கிற பக்கம் பரிசல் வரும், கொஞ்சம் மணிக்கட்டைத் திருப்பினால் நின்ற இடத்திலேயே சுற்றும். பாறை குறுக்கே வந்தால் ஆட்களை இறக்கிவிட்டு, பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்து நடந்துவிடுவார். டிரெய்லரும் வேண்டாம், சாய்தளமும் வேண்டாம்.

அதிலும் மூங்கிலா ஃபைபரா என்ற சண்டை தனி. மூங்கில் பிளாச்சை முறத்தைப் போல முடைந்து, அந்தக் காலத்தில் தோல் கட்டினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். பாறையில் மோதினால் வளைந்து கொடுக்கும், ஓட்டை விழுந்தால் அங்கேயே ஒட்டுப்போட்டுத் தாரைக் காய்ச்சி ஊற்றிவிடலாம். ஆனால் மூங்கில் மக்கும், தார் வெயிலில் இளகும், கவனிக்காவிட்டால் கசியும். ஃபைபர் பரிசலுக்கு இந்தப் பராமரிப்பு இல்லை, மழையிலும் வெயிலிலும் கிடக்கலாம், மீன்பிடிக்கு நல்லது. பாறையில் அடிபட்டால் வளையாது, விரிசல் விடும், அதை ஒட்ட ரெசின் தேடி டவுனுக்குப் போக வேண்டும். ஆகவே ஒகேனக்கல் மாதிரிப் பாறை ஆற்றுக்கு மூங்கில், மேட்டூர் மாதிரித் தேங்கிய தண்ணீருக்கு ஃபைபர். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பரிசலுக்கும் எல்லை உண்டு. பலத்த காற்றில் அகன்ற நீர்ப்பரப்பில் கை ஓயும், திசையும் கெடும். ஆட்களைக் கூடுதலாக ஏற்றிவிட்டு நடுவில் எழுந்து நின்றால் கவிழும். காவிரியில் நீர்வரத்து கூடும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுவது இதனால்தான். தடை என்றால் தடை, கெஞ்சாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பதையும் விட்டுவிடுங்கள்.

மச்சானுக்கு நான் சொன்னது இது. கேபினில் தூங்குகிற ஆசை தீர, வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஆலப்புழைக்குப் போய்ப் படகுவீட்டை வாடகைக்கு எடுக்கட்டும். இங்கே ஓட்ட ஒரு திறந்த ஃபைபர் படகும், கரை சேறாகிவிட்ட மாதங்களுக்கு ஒரு ஃபைபர் பரிசலும் வாங்கட்டும். பரிசலைப் படகுக்குள்ளேயே கவிழ்த்துக் கட்டி ஒரே டிரெய்லரில் கொண்டுபோகலாம். டிரெய்லரைத் தன் பட்டறையிலேயே அடித்துக்கொள்ளட்டும், ஆனால் படகைத் தாங்கப் பலகை வைத்தது வேண்டாம், உருளை வைத்தது. பலகை டிரெய்லர் நன்றாக மூழ்கினால்தான் படகு நகரும். உருளை என்றால் சக்கரம் நனைவதற்கு முன்பே படகைத் தள்ளிவிடலாம், தணிவான கரைக்கு அதுதான் தோது. பிரேக் கட்டாயம் வைக்க வேண்டும், ஆர்.டி.ஓ.விடம் பதிவு செய்யாமல் ரோட்டில் இறக்கக் கூடாது. உருளைக்கு இரும்பு போதும், மேலே ரப்பர் உறை போட்டால் ஃபைபரில் கீறல் விழாது என்று சொன்னபோது அவர் பட்டறைப் பையன் ஏற்கெனவே டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டான்.