பேட்டரி மேல் ஒட்டும் சின்னப் பெட்டி: விக்ட்ரான் ஸ்மார்ட் பேட்டரி சென்ஸ்

வேனில் போட்ட முதல் ஏஜிஎம் பேட்டரி (மூடிய வகை ஈய பேட்டரி) இரண்டே வருடத்தில் பக்கவாட்டில் உப்பிவிட்டது. விற்ற கடைக்காரர் "வெயிலுக்கு அப்படித்தான் ஆகும்" என்று கதையை முடித்துக்கொண்டார். வெயில்தான், ஆனால் பாதிப் பழி அப்போதிருந்த மலிவு சோலார் சார்ஜருக்கும் போகவேண்டும், அது கோடையோ குளிரோ 14.4 வோல்ட்டை விடாப்பிடியாக ஏற்றிக்கொண்டே இருந்தது.

ஆஸ்திரேலியாவில் வேனோடு சுற்றுபவர்களுக்கு இது தெரிந்த தலைவலிதான். ஜனவரிக் கோடையில் மில்டுரா ஊர்ப் பக்கம் நிறுத்தினால் கட்டிலுக்கு அடியிலுள்ள பேட்டரி 45 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் ஈய பேட்டரிக்குக் குறைந்த வோல்ட்டே போதும், மேலே ஏற்ற ஏற்ற உள்ளே இருக்கும் நீர் வாயுவாகிக் காய்ந்துபோகும், மூடிய பேட்டரி என்பதால் தண்ணீர் ஊற்றவும் வழியில்லை. ஜூலைக் குளிரில் பனிமலைப் பக்கமுள்ள ஜிண்டபைன் போனால் அப்படியே தலைகீழ். அதே 14.4 பற்றாது, அரைகுறையாக சார்ஜ் ஆகித் தட்டில் சல்பேட் படியும்.

இப்போது இருப்பது விக்ட்ரான் ஸ்மார்ட்சோலார் 75/15 என்ற சோலார் சார்ஜர். 25 டிகிரியை அடிப்படையாக வைத்து, 12 வோல்ட் பேட்டரிக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 16.2 மில்லிவோல்ட் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் அந்த 14.4 வோல்ட் 45 டிகிரியில் 14.08, பூஜ்யத்தில் 14.8. சார்ஜருக்குள்ளேயே வெப்பம் அளக்கும் வசதி உண்டு, ஆனால் என் வேனில் அது கூரைக்குக் கீழே அலமாரியில் இருக்கிறது, பேட்டரியோ கட்டிலுக்கு அடியில். நோயாளி ஓரிடம், தெர்மாமீட்டர் வேறிடம்!

அதற்குத்தான் இந்த சென்சார். பேட்டரியின் பக்கத்தில் ஒட்டி, இரண்டு ஒயரை டெர்மினலில் மாட்டி, விக்ட்ரான் ஆப்பில் சென்சாரையும் சார்ஜரையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்த்தால் வேலை முடிந்தது. எனக்கு ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வெப்பத்தோடு டெர்மினல் வோல்ட்டேஜையும் ப்ளூடூத்தில் அனுப்புவதால் நீள ஒயரில் இழக்கும் வோல்ட்டையும் சார்ஜர் ஈடுகட்டிவிடுகிறது. இது நான் எதிர்பார்க்காத லாபம்.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து வாங்கவேண்டாம். அதில் டிகிரிக்கு இவ்வளவு என்ற திருத்தம் பூஜ்யமாகத்தான் இருக்கவேண்டும். உறைகுளிரில் லித்தியத்தை சார்ஜ் செய்தால் கெடும், அந்த நேரத்தில் சோலார் சார்ஜை நிறுத்த இந்த சென்சாரின் அளவு உதவும், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஒட்டுவதற்கு முன் பேட்டரியைத் துடைத்துவிடுங்கள், தூசி மேல் ஒட்டினால் பிடிக்காது. அப்புறம், கேரவன் பார்க்கில் கரண்டில் செருகும் என் பழைய சார்ஜருக்கு ப்ளூடூத்தே கிடையாது, அதனால் சென்சார் சொல்வது அதன் காதில் ஏறாது. வெயில் நாட்களில் அதைக் கழற்றி வைத்துவிட்டு சோலாரை மட்டும் நம்புகிறேன்.