பண்ணை கழித்த கோழிகளுக்கு வீடு தேடும் சேவை: பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட், ஒரு மதிப்பீடு

பிரிட்டனில் ஒரு முட்டைப் பண்ணைக் கோழிக்கு ஏறத்தாழ 72 வாரம் ஆகிவிட்டால் பண்ணையில் அதற்கு இடமில்லை. முட்டை குறையும், ஓடு மெலியும், போடுகிற தீனிக்குக் கட்டுப்படியாகாது. மொத்தக் கொட்டகையையும் ஒரே மூச்சில் காலி செய்து இறைச்சிக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன் பண்ணையாளரிடம் பேசி, முடிந்த அளவு கோழிகளைப் பெற்று, வளர்க்க விரும்பும் வீடுகளுக்குக் கொடுக்கும் தொண்டு நிறுவனம்தான் பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட். 2005-இல் டெவனில் ஜேன் ஹோவர்த் தொடங்கியது. இன்றுவரை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் இதன் வழியாக வீடு சேர்ந்திருக்கின்றன.

இரவில் பண்ணைக்குள் புகுந்து கோழி தூக்குகிற இயக்கமல்ல இது. பண்ணையாளரோடு சண்டை போடாமல் கதவைத் தட்டிக் கேட்கிற வழி. நாட்டில் முட்டைக்காக வளரும் கோழிகள் ஏறத்தாழ 4 கோடி. அந்தக் கணக்கில் இது சிறு துளி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் சண்டை போடாததால்தான் ஆண்டுதோறும் அதே பண்ணைகள் மறுபடி கதவைத் திறக்கின்றன. இந்த அணுகுமுறையே சரி என்பது எங்கள் கருத்து.

சேவையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. இணையத்தில் பதிவு செய்து, உங்கள் பகுதியில் கோழி கொடுக்கும் நாளையும் நேரத்தையும் முன்பதிவு செய்ய வேண்டும். கோழிக்கு விலை கிடையாது, நன்கொடைதான். குறித்த நேரத்தில் போனால் தன்னார்வலர்கள் உங்கள் பெட்டியில் கோழிகளை வைத்துக் கொடுப்பார்கள். நிறம் பார்த்துப் பொறுக்கி எடுக்க முடியாது, சேவலும் தரமாட்டார்கள். தனிக் கோழி தவித்துப்போகும், இரண்டில் ஒன்று செத்தால் மற்றது தனித்துவிடும்; ஆகவே 3-க்குக் குறையாமல் எடுங்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியோ பூனை, நாய் கொண்டுபோகும் கூடையோ போதும். அடியில் வைக்கோல் போடுங்கள். வெறும் அட்டையில் கால் வழுக்கும். கோடையில் காரின் மூடிய பின்பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

கோழியைக் கையில் வாங்கிய பிறகுதான் இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு தெரியும். அவர்களுடைய வழிகாட்டிக் குறிப்புகளும் கோழி உதவித் தொலைபேசியும் இல்லாவிட்டால் புதியவர்கள் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே திணறுவார்கள். ஊரில் கோழி வளர்த்துப் பழகியவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் பின்வளவு உள்ள தமிழ் வீடுகளில் ‘கோழிதானே, எங்களுக்குத் தெரியாததா’ என்ற எண்ணம் இயல்பாக வரும். ஊர்க்கோழி ஆண்டுக்கு நூறு முட்டைக்கும் குறைவாக இடும். நடுவில் அடைகாத்து ஓய்வெடுக்கும். மரத்தில் ஏறித் தூங்கும். பண்ணைக்கோழியோ ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடவென்றே உருவாக்கப்பட்ட கலப்பினம். அடை உட்காரும் குணம் அதில் பெரும்பாலும் இல்லை. வீட்டுக்கு வரும்போதே அதன் உடல் களைத்திருக்கிறது.

கூண்டிலிருந்து வந்ததென்றால் இன்னும் ஒரு படி கீழே. பழைய வெறுங்கூண்டுகளுக்கு 2012 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பிரிட்டன் அப்போது ஒன்றியத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த ‘மேம்பட்ட’ கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது 750 சதுர செ.மீ. ஓர் ஏ4 தாளும், அதில் ஐந்தில் ஒரு பங்கும், அவ்வளவே. அதில் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த கோழிக்குக் காலில் பலம் இருக்காது, நகம் நீண்டிருக்கும், கொண்டை வெளுத்துத் தொங்கும், கழுத்திலும் வயிற்றிலும் இறகு இருக்காது. நெஞ்செலும்பு முறிவு முட்டையினக் கோழிகளில் மிகப் பரவலானது. தடவிப் பார்த்தால் எலும்பு வளைந்தோ மேடு தட்டியோ இருப்பது தெரியும்.

ஆகவே கூட்டை இதற்கேற்ற மாதிரி அமையுங்கள். உட்காரும் கட்டை ஆரம்பத்தில் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். குதித்து இறங்கும்போதுதான் நெஞ்செலும்பு உடைகிறது. கட்டை 4 முதல் 5 செ.மீ. அகலமாக, ஓரம் மழுங்கியதாக, ஒரு கோழிக்கு 20 செ.மீ. நீளம் கணக்கிட்டு இருக்கட்டும். ஏணிப்பலகை செங்குத்தாக இருந்தால் ஏறத் தெரியாமல் கீழேயே நின்றுவிடும்; வாசலில் இரண்டு செங்கல் வைத்தாலே போதும். காற்றோட்டத் துளைகள் கோழியின் தலைக்கு மேலே இருக்கட்டும். குளிருக்குப் பயந்து அவற்றை அடைப்பதுதான் பலர் செய்யும் தவறு. எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும் ஈரமும் உள்ளே தங்கி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். உலர்ந்த கூட்டில் கோழி குளிரைத் தாங்கும். படுக்கைக்கு மரச்சீவலோ நறுக்கிய வைக்கோலோ போடுங்கள். உலர்புல் வேண்டாம், எளிதில் பூஞ்சணம் பிடிக்கும்.

உலாவும் அடைப்புக்கு ஒரு கோழிக்கு 2 சதுர மீட்டர் இருந்தால் சண்டை குறையும். கடையில் ‘6 கோழிக்கு’ என்று விற்கும் சிறு கூட்டில் 3 கோழியை விட்டாலே நெருக்கம்தான். நரி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலையை நரி கடித்துக் கிழித்துவிடும். 13 மி.மீ. கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை வாங்குங்கள். வலையைச் சுவரோடு நிறுத்தாமல் வெளிப்பக்கம் தரையில் 30 செ.மீ.க்குக் குறையாமல் விரித்து, மேலே கல் அடுக்கினால் தோண்டி நுழைய முடியாது. பிரிட்டிஷ் நகரங்களில் நரி பட்டப்பகலிலும் வரும்.

முதல் வாரம் கூட்டையும் அடைப்பையும் தாண்டி வெளியே விடாதீர்கள். அந்தி சாய்ந்தால் உள்ளே போக வேண்டும் என்பது இந்தக் கோழிக்குத் தெரியாது. மூலையில் குவிந்து நிற்கும். ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட வேண்டும்; பெரும்பாலானவை சில நாளில் பழகிக்கொள்ளும். இறகில்லாத தோல் வெயிலில் வெந்துவிடும், நிழல் அவசியம். யார் முந்தி என்ற கொத்தல் முதல் சில நாள் இருக்கத்தான் செய்யும். இரத்தம் வந்தால் மட்டும் உடனே பிரித்து, கோழிகளுக்கென்று விற்கும் ஊதா நிற மருந்தைத் தெளியுங்கள். சிவப்பு நிறம் தெரிந்தால் மற்றவை விடாமல் கொத்தும்.

இறகில்லாத கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போடும் வழக்கம் ஒன்று உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனாலும் வேண்டாம். முளைக்கும் இறகின் தண்டில் இரத்தம் ஓடும், துணி உரசினால் உடையும். மழையில் நனைந்த கம்பளி குளிரைக் கூட்டும், பேன் அதற்குள் ஒளியும். இறகு பெரும்பாலும் புரதமே; நல்ல தீனி போட்டால் அது தானாக முளைக்கும்.

அந்தத் தீனியில்தான் நம்மவர்கள் சறுக்குவார்கள். பிரிட்டனில் வீட்டுச் சமையலறை வழியாகப் போன எதையும் கோழிக்குப் போடுவது சட்டவிரோதம். மிஞ்சிய சோறு, காய்ந்த இட்லி, பாண் துண்டு, சமையலறையில் வைத்து நறுக்கிய கோவா (முட்டைக்கோஸ்) இலைகூடச் சேர்த்தி. விலங்கிலிருந்து வரும் எந்தப் பொருளும் நுழையாத முழுத் தாவர உணவு வீட்டுக்கு மட்டுமே விலக்கு. பால், நெய் புழங்கும் மரக்கறி வீடு அதில் அடங்காது. காரணம் வலுவானது. 2001-இல் நாட்டையே உலுக்கிய கோமாரி நோய், நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணையில் சரியாக வேகவைக்காத கழிவுணவைப் போட்டதிலிருந்து கிளம்பியது என்றே விசாரணை முடிவு சொன்னது. உலர்ந்த புழுப் பொட்டலங்களைக் கடையில் காட்டுப்பறவைகளுக்கென்று விற்பார்கள். அவற்றையும் கோழிக்குப் போடக்கூடாது. தோட்டத்தில் பறித்த முளைக்கீரையைச் சமையலறைக்குக் கொண்டுபோகாமல் நேரே அடைப்புக்குள் கட்டித் தொங்கவிடலாம், தடையில்லை.

அன்றாடத் தீனி முட்டைக்கோழிக்கென்று விற்கும் கலவைதான். ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 120 முதல் 130 கிராம். புரதம் 16 விழுக்காட்டளவில் இருக்கட்டும். பண்ணையில் மாவாகத் தின்று பழகியதால் குச்சித் தீனியைத் தீனியென்றே அடையாளம் தெரியாது. முதல் வாரம் மாவாகவோ நொறுக்கியதாகவோ கொடுத்து, பிறகு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். ஒரு முட்டையோட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் போகிறது. தீனியில் போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். தீனியை அரைக்கும் அரைவைப்பைக்குக் கரடுமுரடான பொடிக்கல்லும் வேண்டும். குறுணலும் சோளமும் பின்னேரத்தில் ஒரு கைப்பிடி, எல்லாக் கோழிக்கும் சேர்த்துத்தான். அதற்கு மேல் போனால் வயிறு நிறையும், புரதமும் கால்சியமும் குறையும், ஓடில்லாத தோல்முட்டை விழத் தொடங்கும்.

அடுத்த எதிரி சிவப்புச் செள். பகலில் மரக்கூட்டின் இடுக்குகளில் ஒளிந்து, இரவில் கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். பகலில் கோழியைப் பிடித்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. இருட்டிய பிறகு கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளால் துடையுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் செள் இருக்கிறது. கோழி கூட்டுக்குள் போக மறுப்பதும், கொண்டை மறுபடி வெளுப்பதும் முன்னறிகுறி. வெக்கைக் காலத்தில் ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை பெருகும். இரையில்லாமலும் மாதக்கணக்கில் உயிர் தாங்கும். கூட்டைச் சில வாரம் காலியாக விட்டால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். மரக்கூட்டைவிட இடுக்கில்லாத பிளாஸ்டிக் கூடு விலை கூடினாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே நல்லது. குடற்புழுவுக்கு ஃபுளூபென்வெட் என்ற மருந்தைத் தீனியில் 7 நாள் கலந்து கொடுக்கலாம், அந்த நாட்களில் முட்டையை ஒதுக்க வேண்டியதில்லை.

கோழி சாவது பெரும்பாலும் முட்டையிடும் உறுப்புகள் பழுதாவதால்தான். மஞ்சள் கரு வழிதவறி வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடிக்கும். வயிறு வீங்கி, பென்குயின்போல நிமிர்ந்து நடந்தால் பெரும்பாலும் அதுதான். முட்டை தடைபட்டு முக்கிக்கொண்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் உட்காரவைத்து, இருட்டான இடத்தில் விடுங்கள். சில மணி நேரத்தில் வராவிட்டால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். முட்டையிடுவதை நிறுத்தி வைக்கும் ஹார்மோன் குச்சியைத் தோலுக்கடியில் வைக்கிற சிகிச்சையும் உண்டு. செலவு அதிகம், எல்லா மருத்துவரும் செய்வதில்லை. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தினமும் காலையில் தடவுங்கள். இரவு நிறைந்திருந்தது காலையில் வற்றியிருக்க வேண்டும். காலையிலும் கல்லாக இருந்தால் நீளப் புல் சிக்கியிருக்கும். களகளவென்று புளித்த வாடை அடித்தால் பூஞ்சைத் தொற்று. புல்லைக் குட்டையாக வெட்டி வைத்தாலே முதலாவது பெரும்பாலும் வராது.

வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் ஒன்று கவனியுங்கள். பண்ணைக்கோழிகளுக்குப் பல நோய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கும். தான் நலமாக இருந்தபடியே தொற்றைச் சுமந்து வரக்கூடும். ஊசி போடாத பழைய இனக் கோழிகளோடு உடனே கலந்தால் நட்டம் அவற்றுக்குத்தான். தனிக் கொட்டகையில் 3, 4 வாரம் வைத்து, பிறகு வலைக்கு இருபுறமும் விட்டுப் பழக்குங்கள்.

சட்டப்படி ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசில் பதிய வேண்டும். ஸ்காட்லாந்தில் 2024 செப்டம்பர் 1 முதலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதலும் இது கட்டாயம். பறவைக் காய்ச்சல் காலத்தில் கோழிகளை அடைத்து வைக்கும் உத்தரவு வரும்; கோழி கொடுக்கும் நாட்களும் தள்ளிப்போகும். அடைப்புக்குக் கூரை போட்டு வைத்திருந்தால் அப்போது பதற வேண்டாம். அக்கம்பக்கம் முறைத்தால் கைகொடுக்க 1950-இன் அலாட்மென்ட்ஸ் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இருக்கிறது: வியாபாரமாக இல்லாமல், பிறருக்குத் தொல்லை தராமல் வைத்திருக்கும் பெட்டைக்கோழியை ஒப்பந்த நிபந்தனை காட்டித் தடுக்க முடியாது. சேவலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வாடகை வீடென்றால் எதற்கும் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

எங்கள் குறை ஒன்றுதான். நன்கொடை சிறியது என்பதால் ‘மலிவான கோழி’ என்று நினைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். நரி புகாத கூடும் அடைப்பும் மட்டுமே சில நூறு பவுண்டு ஆகும். பதிவு செய்யும் பக்கத்தில் இந்தச் செலவை முகப்பிலேயே, பெரிய எழுத்தில் போட்டால் நல்லது. தினமும் முட்டை வேண்டும் என்பவர்கள் இங்கே பதியாதீர்கள். சில கோழிகள் மாதக்கணக்கில் இடும், சில வந்த வாரமே நிறுத்திவிடும். சில பல ஆண்டு வாழும், சில முதல் குளிரைத் தாண்டாது. அதையும் ஏற்று, தினமும் காலையும் மாலையும் பார்க்க ஆளிருக்கும் வீட்டுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். பதிவதற்கு முன் செய்யவேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு: அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் கோழி பார்ப்பார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் நாயும் பூனையும் மட்டும்தான் பார்ப்பார்கள்.