த்ரில்லரை யார் சொல்வது: போரிலிருந்து வந்த கணவனா, மனைவியா?

போரிலிருந்து திரும்பிய கணவன், விரிசல் விட்ட மணவாழ்க்கை, நடுவில் ஒரு துரோகம். இப்படியொரு த்ரில்லரைக் கணவனும் சொல்லலாம், மனைவியும் சொல்லலாம். என் நாவலில் மனைவியைத்தான் சொல்ல வைத்தேன்.

கணவன் சொன்னால் வேகம் கிடைக்கும், போர்க்களம் கண்முன் வரும். அதெல்லாம் சரி. ஆனால் அங்கே என்ன நடந்தது என்பது அவனுக்குத் தெரியுமே! கடைசி அத்தியாயம் வரை அதை மறைத்தால் வாசகர் ஏமாற்று வேலை என்பார். பி.டி.எஸ்.டி. (போர் போன்ற கொடிய அனுபவத்துக்குப் பின் வரும் மனக்கோளாறு) உள்ளவர்கள் அந்த நினைவைத் தவிர்க்கப் பார்ப்பார்கள் என்று சமாளிக்கலாம். அழைக்காமலே அது வந்து தாக்குவதும் அதே நோயின் அறிகுறிதான், ஆகவே இந்தச் சமாளிப்பு வெகுதூரம் தாங்காது.

மனைவி சொன்னால் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ராத்திரியில் எழுந்து நடக்கிறான், தொட்டால் விலகுகிறான், எங்கே போனாய் என்றால் எரிந்து விழுகிறான். போரின் காயமா, இன்னொருத்தியா? 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இந்தக் கோளாறைச் சேர்த்தபோதே, பிறரிடமிருந்து ஒதுங்குதல், உணர்ச்சி மரத்துப்போதல், தூக்கக் கோளாறு ஆகியவை அறிகுறிப் பட்டியலில் இருந்தன. கள்ள உறவைச் சந்தேகிக்கும் மனைவி மனதில் போடும் பட்டியலும் கிட்டத்தட்ட இதுதான். ஒவ்வொரு தடயத்துக்கும் தானாகவே இரண்டு அர்த்தம் வந்துவிடுகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. சிலருக்கு முழு அறிகுறிகள் தெரியவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். 'வந்தபோது நன்றாகத்தானே இருந்தான், அப்புறம்தானே மாறினான்' என்று அவள் நினைப்பாள். பழி போரை விட்டுவிட்டு வீட்டுக்குள் யாரையோ தேட ஆரம்பிக்கும்.

ஒரு ஆபத்து: அவள் பயத்தை மட்டுமே காட்டினால் அவன் வெறும் வில்லனாகிவிடுவான். இந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பவர்கள் அல்ல. அவன் தரப்பை உரையாடல்களிலாவது கொண்டுவர வேண்டும்.

துரோகம் செய்வது மனைவியே என்றால் என் கணக்கு தலைகீழ். அப்போது ஒளிக்க வேண்டியவள் அவள். கதையைக் கணவனிடம் கொடுப்பதே மேல். இருவரும் மாறி மாறிச் சொல்லும் வடிவத்தை நான் எழுதிப் பார்த்ததில்லை. அதிலும் கணவனின் அத்தியாயங்களில் இதே ஒளிக்கும் சிக்கல் வரும் என்றுதான் தோன்றுகிறது.