சுங்கக் கடத்தல் புகார் தள்ளுபடியானால்: மேல்முறையீடா, சீராய்வா?

நீதிமன்ற வராந்தாவில் "கேஸ் தள்ளுபடி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சுங்கச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் அதிகாரி தொடுத்த புகார் என்றால், உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கிக் கடைசி வரியைப் பார்க்க வேண்டும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், "விடுதலை செய்யப்படுகிறார்" என்று இருக்கிறதா, "விடுவிக்கப்படுகிறார்" என்று இருக்கிறதா? இந்த ஒரு சொல்லில்தான் வழி பிரிகிறது.

விசாரணை முழுதும் நடந்து விடுதலை என்றால் மேல்முறையீடு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 419ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். தனியார் புகார்தாரருக்கு 60 நாள்தான்; அரசு ஊழியருக்கு 6 மாதம். அனுமதி கிடைத்துவிட்டால் இதன் வலு பெரிது: சாட்சியத்தை முதலிலிருந்து எடைபோட்டு, விடுதலையைத் தண்டனையாகவே மாற்றலாம்.

நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைவதற்கு (முறையாகப் பதிவதற்கு) முன்பே விடுவித்துவிட்டால் சீராய்வு மனு. கெடு 90 நாள். செஷன்ஸ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் இரண்டுக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் ஒன்றில் மனுப் போட்டவர் அதே குறையோடு மற்றொன்றில் சீராய்வு கேட்க முடியாது. சீராய்வில் சாட்சியத்தை மறுபடி அளப்பதில்லை. உத்தரவு சட்டப்படி சரியா, முறையா என்றுதான் பார்ப்பார்கள். நியாயமான நம்பிக்கையில் கைப்பற்றிய தங்கம் கடத்தல் பொருள் அல்ல என்று காட்டும் பொறுப்பை, சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு பொதுவாக அதை வைத்திருந்தவர் மேல்தான் சுமத்துகிறது. அதை மாஜிஸ்திரேட் கவனிக்காமல் விட்டிருந்தால் செஷன்ஸ் நீதிமன்றமே போதும் என்பேன். சட்டத்துக்கு என்ன பொருள் என்பதே சண்டையானால் நேரே உயர் நீதிமன்றம் போவது நல்லது.

டெல்லியில் தொன்மைப் பொருள்களை ஏற்றுமதி செய்ய முயன்றதாகத் தொடுத்த வழக்கு இதற்கு நல்ல சான்று. 1972ஆம் ஆண்டின் தொன்மைப் பொருள்கள் சட்டம், 25ஆம் பிரிவில், சுங்கச் சட்டப்படியான பறிமுதலுக்கும் அபராதத்துக்கும் பங்கமில்லாமல் தண்டனை என்கிறது. பறிமுதலும் அபராதமும் மட்டும்தானே சொல்லப்பட்டிருக்கின்றன, சுங்கச் சட்டத்தில் குற்றவழக்கு எப்படித் தொடுக்கலாம் என்பது எதிர்த்தரப்பு வாதம். எதிரி விடுவிக்கப்பட்டார், உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 27 அன்று அதை மாற்றி, தொன்மைப் பொருள்களுக்கும் சுங்கச் சட்டக் குற்றவழக்குக்குத் தடையில்லை என்றது. சாட்சி யாரையும் நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. ஒரு சொற்றொடரின் பொருள்தான் வழக்கைத் திருப்பியது. கோயில் சிலைகளைப் பறிகொடுத்த நமக்கு இந்தத் தீர்ப்பு முக்கியமானது.

எதிர்த்தரப்பில் நிற்பவரையும் நினைக்க வேண்டும். சீராய்வில் அவரைக் கேட்காமல் அவருக்குப் பாதகமாக உத்தரவிட முடியாது. விடுதலையைச் சீராய்வில் தண்டனையாக மாற்றவும் முடியாது. மறுவிசாரணைக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். பறிமுதல், அபராதம் பற்றித் துறையே நடத்தும் விசாரணையிலேயே அவர்மேல் தவறில்லை என்று தகுதியின் அடிப்படையில் முடிவாகியிருந்தால், அதே சங்கதிக்குக் குற்றவழக்கைத் தொடரக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் அந்நியச் செலாவணி வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு முடிவு கோப்பில் இருக்கும்போது சீராய்வு மனுப் போடுவது ஒரு மனிதரை இன்னும் பல ஆண்டுகள் வாய்தாவுக்கு அலையவிடுவதுதான். அந்த மனுவைத் துறை போடவே கூடாது.